சீப்பு வாரிய கேபிள்கள்

எங்கள் பக்கத்துவீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கும். ஒன்று மூத்த மகனின் கல்யாணப் படம். இன்னொன்று ஓர் இரும்பு அலமாரியின் முதுகு. வருகிறவர்கள் முதலில் அலமாரியைத்தான் பார்ப்பார்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம்.

அலமாரியின் முதுகில் அப்படி என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். முக்கால் மணி நேரம் போய்விடும். வெள்ளை வெளேரென்று கேபிள்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வகிடெடுத்து வாரிய தலை மாதிரி இறங்கி வந்து, ஒரே அளவில் வளைந்து, இரண்டு தட்டைப் பெட்டிகளுக்குள் நுழையும். இளைய மகனின் கைவேலை. அலுவலகங்களுக்குக் கேபிள் இழுத்துக் கொடுப்பது அவன் தொழில். கேபிள்களை வரிசை கலையாமல் நிறுத்த அந்தத் தொழிலில் ஒரு பிளாஸ்டிக் சீப்பு உண்டாம். ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரு கேபிள். அது அவன் சட்டைப் பையில் இருக்கும். தலைக்கான சீப்பு பின் பையில். ஆகவே தெருவில் அவனுக்குப் பெயர் சீப்பு. பெற்றவள்கூட அவசரத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்த அலமாரி இருப்பது இரண்டு தெரு தள்ளி, ஒரு கார்ட்டூன் கம்பெனியில். அதைக் கட்டிக் காப்பவள் இதே வீட்டின் மூத்த மருமகள். கம்பெனியில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, பல்வலி வந்த ஒரு முதலையை வரைகிறார்கள். வரைந்ததெல்லாம் அவரவர் மேசையில் தங்குவதில்லை. அலமாரியிலுள்ள எட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிகளில் போய்ச் சேர்கிறது. எதுவானாலும் மூன்று பிரதி, மூன்று வேறு வேறு பெட்டிகளில்.

“நீங்க ஒரு விஷயத்த மூணு வீட்டுல சொல்லி வெப்பீங்கல்ல, அந்த மாதிரிதான் அக்கா” என்று மருமகள் எனக்கு விளக்கினாள்.

உவமை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வீடு பூட்டியிருந்தால் மற்ற இரண்டு வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வீடும் பூட்டியிருந்தால், மிச்சமிருக்கும் ஒருத்தி பேச்சை மட்டும் நம்பி எதுவும் செய்யக் கூடாது என்று அலமாரி வாயை மூடிக்கொள்ளுமாம். அவ்வளவு நிதானம் எங்கள் தெருவுக்கு இல்லை.

அந்த எட்டுப் பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வது இரண்டு சுவிட்ச் வழியாக. மின்விசிறிக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. எல்லாத் தெருவும் வந்து கூடுகிற முனை மாதிரி ஒரு தட்டைப் பெட்டி. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மேல் முனைக்கு ஒரு கேபிள், கீழ் முனைக்கு ஒரு கேபிள். ஒரு முனையில் பள்ளம் தோண்டினாலும் இன்னொரு முனை வழியாகப் போக்குவரத்து நடக்கும். இரண்டுக்கும் வயதாகி, செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். புதியவை இரண்டு அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியிருந்தன. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக மாற்றுவது என்று ஏற்பாடு.

இதில் மருமகளுக்கு ஏன் இத்தனை பயம் என்றால், ஆறு மாதத்துக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. அன்றைக்கு ஒரே ஒரு பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி எதையோ மாற்றினாள். மற்ற ஏழும் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதிலிருந்ததையெல்லாம் தங்களுக்குள் மறுபடி பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டன. அந்த மும்முரத்தில் வரைகிறவர்களுக்குப் பதில் சொல்ல அவற்றுக்கு நேரமில்லை. ஒன்றரை நாள், நாற்பது திரையிலும் முதலை வாயைப் பிளந்தபடி நின்றது. அதற்குப் பிறகு நடைவழியில் இவளைக் கண்டால் வரைகிறவர்களில் யாராவது வாயைப் பிளந்து காட்டுவார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு தடவை முதலை நின்றால் அலமாரியை வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, இவளை மவுஸும் கீபோர்டும் எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைப்பேன் என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கம்பெனியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பது என் தம்பி பெண்டாட்டி.

இந்தத் தடவை மருமகள் மூன்று வாரமாகத் தயாரானாள். பழைய சுவிட்சுகளில் இருந்த அமைப்புகளை எழுதியெடுத்துப் புதியவற்றில் ஏற்றி வைத்தாள். யாராவது கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் பதறிக்கொண்டு பிரதி எடுக்க ஓடாதே என்று அலமாரிக்கு இட வேண்டிய கட்டளையைப் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டினாள். லீவு நாளில் செய்யச் சொன்னார் இயக்குநர். ஆள் இருக்கும்போது செய்தால்தான் தப்பு வந்தால் அந்த நிமிஷமே தெரியும் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். உன் இஷ்டம், ஜன்னல் காலியாகத்தான் இருக்கிறது என்றாராம் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்தான் குடும்பத்துக்குள் புகைந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் மெல்லியது. என்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, பதினாறு கேபிளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நூறு எண்ணி, மறுபடி செருகிப் பார்க்கப்போகிறேன் என்று மருமகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு கேபிளை எடுத்தால் அந்தப் பெட்டி இன்னொன்றில் பிழைத்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் சுவிட்சில் கை வைக்க மாட்டாளாம்.

சீப்பு கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“பதினாறும் பச்சையா எரியுதுல்ல அண்ணி? அப்புறம் எதுக்குப் பிடுங்கணும்?”

“பச்சைன்னா கேபிள்ல உயிர் இருக்குன்னு அர்த்தம் தம்பி. அது எங்க போகுதுன்னு பச்சைக்குத் தெரியாது.”

“நான் போட்டது எங்க போகணுமோ அங்கதான் போகும்.”

“அப்போ ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். மேல, கீழன்னு.”

சீட்டு ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்றான் அவன். இரண்டு நிறத்தில் போட்டிருக்கலாமே என்றதற்கு, இரண்டு நிறம் கண்ணை உறுத்தும் என்றான். போதாததற்கு, படம் எடுத்து முடித்த கையோடு சுவிட்சுகளின் முன்னால் ஒரு வெள்ளை மூடியையும் போட்டுவிட்டான். எந்தக் கேபிள் எங்கே நுழைகிறது என்று அதன் பிறகு கடவுள்தான் பார்க்க வேண்டும். பழைய சுவிட்சுகளோ, உன் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் சொல்லும் ரகமில்லை. வாக்குவாதம் வளர்ந்து, ‘என் வேலையில நம்பிக்கை இல்ல’ என்ற இடத்தில் வந்து நின்றது. மூத்தவன் இருந்தானே என்கிறீர்களா? இருந்தான். பெண்டாட்டிக்கும் தம்பிக்கும் சண்டை வந்தால் அவன் இரண்டாவது தடவை பரிமாறச் சொல்லுவான். இப்போதும் அதைத்தான் செய்தான்.

மாமியார்தான் தீர்ப்புச் சொன்னாள். அவள் முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஒரு தடவை தன் சொந்த அக்காவையே பெட்டி நிறைய ஆட்களுக்கு நடுவே டிக்கெட் கேட்டவள். அக்காவிடம் டிக்கெட் இருந்தது. அக்கா இரண்டு வருஷம் பேசவில்லை.

“டிக்கெட் வெச்சிருக்கிறவன் எடுத்துக் காட்டறதுல என்னடா கஷ்டம்? நாளைக்கு அவ பிடுங்கட்டும், நீயும் கூட நின்னு எண்ணு” என்றாள்.

எப்படியும் இன்னும் ஒரு பாட்டம் கத்துவான் என்று நான் சுவர்ப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனிக்குப் போனேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் அவர்கள் கூடம் தெரியும். தெரிவதற்கு நான் என்ன செய்ய முடியும். சீப்பு அலமாரிப் படத்துக்குக் கிட்டே முகத்தை வைத்து, விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்தான். முதலிலிருந்து மறுபடி எண்ணினான். பிறகு கையால் தலையைக் கலைத்துக்கொண்டு உள்ளே போனான். தலையைக் கலைத்துக்கொண்ட சீப்பை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சீப்பு படியிறங்கிப் போனான். தோளில் கருவிப் பை. பூனை நடை. தலை வாரவில்லை. பத்து மணிக்குக் கேபிள் பிடுங்கப் போகிற இடத்துக்கு ஏழு மணிக்குப் பரட்டைத் தலையோடு போகிறவன் எதற்குப் போகிறான்? துணியைப் பாதியில் விட்டுவிட்டு மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். புறம் பேசி யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மாமியார் மருமகளிடம் சொன்னாள். மருமகள் வாய் கொப்பளித்த ஈரத்தோடு செருப்பை மாட்டினாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பதைப் போகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று கூடவே போனேன்.

அலமாரி அறை குளிரில் விறைத்தது. இரைச்சல் வேறு, நூறு மின்விசிறியை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. கண்ணாடிக்கு அப்பால், அந்த வாரத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய முதலைக்காக எட்டுப் பத்துப் பேர் அதற்குள் வந்து வரைய ஆரம்பித்திருந்தார்கள். சீப்பு அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தான். வெள்ளை மூடி கழன்று தரையில் கிடந்தது. ஒரு கட்டைப் பிரித்து, நான்கு கேபிள்களைக் கொத்தாகக் கையில் பிடித்திருந்தான்.

“தம்பி, அப்படியே இருங்க. இழுத்துடாதீங்க” என்றாள் மருமகள். குரலை உயர்த்தவில்லை.

அவன் திரும்பிப் பார்த்த முகத்தை, பெற்றவள் பார்த்திருந்தால் முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் உடனே கண்டுபிடித்திருப்பாள்.

“அஞ்சு நிமிஷம் அண்ணி. யாருக்கும் தெரியாம மாத்திட்டுப் போயிடலாம்னு பாத்தேன்.”

“எந்தப் பெட்டி?”

“ஆறு, ஏழு. ரெண்டுக்கும் ரெண்டு கேபிளும் மேல்தான் போகுது.”

மருமகள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கதை வெளியே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கீழ்ச் சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு கேபிள் ஒரு விரல்கடை குட்டையாகப் போய்விட்டது. நீளமாக ஒன்றைப் போட்டால் தொங்கும். சரியான அளவு வர ஒரு வாரம் ஆகும். படம் எடுக்கிற ஆளோ மறுநாளே வருகிறார். அதனால் இப்போதைக்கு என்று இரண்டையும் மேல் சுவிட்சிலேயே செருகிவிட்டான். படம் அவ்வளவு அழகாக வந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கட்டைப் பிரிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அப்படியே மூடியைப் போட்டான், நாளடைவில் மறந்தும் போனான். ஞாயிற்றுக்கிழமை அம்மா டிக்கெட் என்றதும்தான் லேசாக ஞாபகம் வந்திருக்கிறது. போய்ப் படத்தில் எண்ணியிருக்கிறான். மேலே பத்து, கீழே ஆறு.

எங்கள் தெருவே இரண்டு வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறது. ஒருத்தருக்கும் எண்ணத் தோன்றவில்லை. எனக்கும்தான், அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

“நாலையும் ஒண்ணா எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?” என்று கேட்டாள் மருமகள்.

அவனுக்குத் தெரியவில்லை. அவன் கேபிள்காரன், கேபிள் எங்கே போகிறது என்பது வரைக்கும்தான் அவன் ராஜ்ஜியம். எனக்குத் தெரிந்திருந்தது. ஆறும் ஏழும் ஒரே நேரத்தில் பூட்டிய வீடு. மூன்று பிரதியில் இரண்டு அங்கே இருக்கிற படமெல்லாம் அந்த நொடியே உறைந்துவிடும். கண்ணாடிக்கு அப்பால் முதலை வாயைப் பிளந்து நிற்கும். இவள் ஜன்னலுக்குப் போவாள். இதை நான்தான் அவனுக்கு விளக்கினேன், மூன்று வீட்டுக் கதையோடு. மருமகள் குறுக்கே பேசவில்லை. சரியாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அவளோ அவன் பையைப் பிரித்து என்ன கொண்டு வந்திருக்கிறான் என்று பார்த்தாள். இரண்டு கேபிள் இருந்தது, இரண்டும் தேவைக்கு மேல் ஒரு முழம் நீளம். அந்நேரத்துக்கு அதுதான் கிடைத்ததாம்.

“இது தொங்கும் அண்ணி” என்றான், ஏதோ நோயைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

“தொங்கட்டும். எதுலயிருந்து ஆரம்பிக்கலாம், ஆறுலயிருந்தா?”

முதலில் மேசையில் ஒட்டியிருந்த கட்டளையை அலமாரிக்கு இட்டாள். பிறகு ஆறாம் பெட்டியின் ஒரு கேபிளை அவன் உருவ, இவள் திரையைப் பார்த்தாள். எண்ணுகிற வேலை எனக்கு. நூறு வரைக்கும் எண்ணினேன். அறுபதில் கொஞ்சம் வேகமெடுத்துவிட்டேன் என்று மறுபடி ஐம்பதிலிருந்து எண்ண வைத்தாள். மாமியாரிடம் கற்ற கண்டிப்பு. புதுக் கேபிளைக் கீழே செருகிய பிறகு, மேலே மிச்சமிருந்ததை உருவினான். இதுதான் சோதனை. ஆறாம் பெட்டிக்கு இப்போது கீழ் வழி மட்டும். நான் எண்ணினேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் முதலையின் கடைவாய்ப் பல்லுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். முப்பதில் பூசினாள், எழுபதில் பூசினாள், நூறிலும் பூசிக்கொண்டுதான் இருந்தாள். உருவியதை மறுபடி மேலே செருகினான். ஏழாம் பெட்டியும் இதே மாதிரி பிழைத்தது.

அப்புறமும் மருமகள் விடவில்லை. மிச்சமிருந்த பெட்டிகளையும் சொன்னபடி ஒவ்வொரு கேபிளாகப் பார்த்தாள். எனக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பாதிக்கு மேல் சீப்புதான் எண்ணினான். பிடுங்கிச் செருகிய ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினாள்: பெட்டி இத்தனை, மேல், பெட்டி இத்தனை, கீழ். முதல் நான்கு சீட்டுக்கு அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். ஐந்தாவதில், கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று பேனாவை வாங்கி மீதியைத் தானே எழுதினான்.

வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் அவனே சொல்லிவிட்டான். சொல்லாமல் விட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயம். அவள் படத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவளுக்குக் கோபம் மகன்மேல் இல்லை, தன் கண்மேல்.

“ரெண்டு வருஷமா டிக்கெட் இல்லாம என் சுவத்துலயே உக்காந்து வந்திருக்கு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் போகவில்லை. கூப்பிடவில்லை என்பதுதான் உண்மை. மாமியார் பால்கனியில் நின்றுகொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏதாவது தெரியுமா என்று என்னைக் கேட்டாள். மருமகளுக்கு போன் பண்ணினால் கவனம் சிதறிவிடும் என்று பயந்துகொண்டு, என் தம்பி பெண்டாட்டியை என் மூலமாகப் பிய்த்தெடுத்தாள். தம்பி பெண்டாட்டியும் சும்மா சொல்லக் கூடாது, வரவேற்பு மேசையைப் பூட்டிவிட்டு நடைவழியிலேயே குடியிருந்தாள். மீதியெல்லாம் அவள் சொன்னது.

பன்னிரண்டே முக்காலுக்கு இயக்குநர் அலமாரி அறை வாசலுக்கு வந்தார். வெளிக் கம்பெனிக்காரரின் முகவரிச் சீட்டு சட்டைப் பையில் எட்டிப் பார்த்ததாம். கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

“எப்பதாம்மா ஆரம்பிக்கப் போறீங்க? சொன்னா எல்லாரையும் சாப்பிட அனுப்பிடுவேன். முதலை நின்னாலும் பசியாறிட்டு வந்து திட்டுவாங்க.”

“முடிஞ்சிடுச்சு சார்.”

“எது?”

“ரெண்டும்.”

அவர் நம்பவில்லை. நாற்பது பேர் காலையிலிருந்து தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூட எழுந்து வந்து சண்டை போடவில்லை. அப்படியென்றால் இவள் இன்னும் தொடவே இல்லை என்று அர்த்தம். அவருடைய கணக்கு அது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? மூலையில் ஒரு தள்ளுவண்டி இருந்தது. அதன்மேல் பழைய சுவிட்சுகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மருமகள் அதைக் காட்டினாள்.

“தொட்டுப் பாருங்க சார்.”

தொட்டார். மேலே இருந்தது அப்போதுதான் கழற்றியது, சூடு ஆறவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். கீழே இருந்ததையும் தொட்டார், அது ஆறிப்போயிருந்தது. பிறகு கண்ணாடி வழியாகத் திரைகளைப் பார்த்தார். முதலை நாற்காலியில் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறி உட்கார்ந்தும் விட்டது.

“மவுஸ் குடுக்கற ஜன்னலுக்கு வேற ஆளத்தான் பாக்கணும் போல” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பையில் எட்டிப் பார்த்த சீட்டு, போகும்போது வரவேற்பு மேசைக் குப்பைக் கூடையில் விழுந்தது. எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தம்பி பெண்டாட்டி எனக்கு போன் பண்ணினாள். பால்கனியிலிருந்தபடியே மாமியாரிடம் நான் கத்திச் சொன்னதில், கீழே போன தபால்காரரும் சந்தோஷப்பட்டார்.

இப்போது அந்தக் கூடத்தில் புதுப் படம் மாட்டியிருக்கிறது. அதே அலமாரி, அதே முதுகு. கேபிளுக்குக் கேபிள் ஒரு சீட்டு, நடுவில் இரண்டு மட்டும் தொப்பை விழுந்த மாதிரி தொங்குகிறது. சரியான அளவில் வாங்கி மாற்றிவிடுகிறேன் என்று சீப்பு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். வேலை செய்கிறதைத் தொடாதே என்று அண்ணி சொல்லிவிட்டாள். பழைய படத்தை எடுக்க அவனுக்கு மனசில்லை, புதியதை மாட்டாமல் விட மாமியாருக்கு மனசில்லை. ஆணி இரண்டுதான். கடைசியில் கல்யாணப் படம் படுக்கையறைக்குப் போய்விட்டது. மூத்தவன் இன்னொரு தடவை பரிமாறச் சொன்னான்.

வருகிறவர்கள், அந்த ரெண்டு மட்டும் ஏன் தொங்குகிறது என்று கேட்கிறார்கள். சீப்பு அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி கடைக்குக் கிளம்பிவிடுகிறான். மருமகள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். இதுவரைக்கும் மூன்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இனி அழியாது.